ஒரு பத்தியில் எழுதுக

காலையில் அலுவலகம் கிளம்பும்போது ஜெயசீலன் "வாரேன்" என்று சொல்லாமல் போய் அன்றோடு பதினேழு நாளாயிற்று. மனைவி மேகலா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

பாளையங்கோட்டையில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று போன் வந்த நாளிலிருந்து ஜெயசீலன் இப்படித்தான். வீட்டில் பேச்சில்லை. செல்போன் அடித்தால் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுவார். டில்லி கோல் மார்க்கெட் பக்கத்து அரசுக் குடியிருப்பில் படிக்கட்டில் நின்று தும்மினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவர் பேசுவது மட்டும் ஒருவருக்கும் கேட்காது.

தாயைப் பற்றிய கவலை, வேறென்ன என்று மேகலா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

ஜனவரி முதல் வாரம். பகல் இரண்டு மணிக்கும் ஜன்னலுக்கு வெளியே மூடுபனி விலகவில்லை. மேகலா வேலை பார்க்கும் பிளே ஸ்கூலுக்கும் விடுமுறை, மகள் இளவரசியின் பள்ளிக்கும் விடுமுறை. ஹீட்டருக்குப் பக்கத்தில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த இளவரசி ஒரு ஜெராக்ஸ் தாளை ஆட்டினாள்.

"அம்மா, தமிழ் ஹோம்வொர்க். ஹெல்ப் பண்ணுங்க, ப்ளீஸ்."

"நீயே எழுது. ஒன்பதாம் கிளாஸ் வந்தாச்சு, இன்னும் அம்மாவா?"

"எழுதிட்டேன். ஆனா தமிழ்செல்வி மேம் ஒத்துக்க மாட்டாங்க. நல்லவளா கெட்டவளான்னு எழுதக் கூடாதாம். ஏன் பண்ணான்னு மட்டும் எழுதணுமாம்." அவள் நோட்டைப் புரட்டி, கேள்வியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கதையின் முதன்மைப் பாத்திரத்தை அந்தச் செயலுக்குத் தூண்டியது எது? கதையிலிருந்து சான்று காட்டி ஒரு பத்தியில் எழுதுக."

"என்ன கதை?"

இளவரசி சிரித்தாள். "அதான் சர்ப்ரைஸ். சித்தி எழுதினது. கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் சித்தின்னு."

மேகலா கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். 'தபால்' என்று தலைப்பு. அதன் கீழே தங்கையின் பெயர், அபிராமி. போன வருடப் பொங்கல் மலரில் வந்து முதல் பரிசு வாங்கிய கதை என்று அடியில் ஒரு குறிப்பு.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அபி கதை எழுதுவாள் என்று தெரியும். பரிசு வாங்கினாள் என்று தெரியாது. ஒரு வருடமாக இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறாளே, கழுதை, என்று நினைத்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது பாராவில் சந்தோஷம் நின்றது.

கதையில் சுலோச்சனா என்று ஒருத்தி. டில்லியில் அரசு வேலை பார்க்கும் கணவன். ஊருக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பப் படிவம் நிரப்புகிறான். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது டெங்குக் காய்ச்சலில் விழுகிறான். ஸ்பீட் போஸ்ட்டில் போட்டுவிடு என்று உறையை மனைவியிடம் கொடுக்கிறான். அவள் தபால் நிலையம் வரை போகிறாள், வரிசையில் நிற்கிறாள், கவுன்ட்டர் வரும்போது மாமியாரை நினைத்துப் பயந்து, விலகி வெளியே வருகிறாள். உறையை நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறாள். மாற்றல் வரவில்லை. பத்து மாதம் கழித்து ஊரில் மாமனார் இறந்துபோகிறார். கணவன் கொள்ளி வைக்கத்தான் போய்ச் சேருகிறான்.

மேகலா அந்தப் பாராவை மறுபடி படித்தாள்.

அது அவள் செய்த காரியம். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால், அக்டோபர் மாதத்தில், இதே கோல் மார்க்கெட் தபால் நிலையத்தில். உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் அவள் அதைச் சொல்லியிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு, மாமனாரின் திதி முடிந்த மறுநாள், முனிர்காவில் அபியின் அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டபோது அபி அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு "எங்கிட்டயே இருக்கும்க்கா" என்று சொன்னாள்.

"படிச்சிட்டீங்களா?" என்றாள் இளவரசி. "நான் எழுதினதைக் கேளுங்க. சுலோச்சனா சுயநலம் உள்ள பெண். அவளுக்கு டெல்லி பிடிக்கும். மாமியார் பிடிக்காது. அதனால் கவரை போஸ்ட் செய்யவில்லை. இப்படிப்பட்ட பெண்களால் குடும்பம் கெடுகிறது. லாஸ்ட் லைன் நல்லா இருக்குல்ல?"

மேகலா தாளைத் திருப்பினாள்.

"சித்திக்கு வாய்ஸ் நோட் போட்டேன், நீங்களே சொல்லுங்கன்னு. ரைட்டரே ஆன்ஸர் சொன்னா சீட்டிங்காம். அம்மாகிட்ட கேளு, அவளுக்கு நல்லாத் தெரியும்னு சொன்னாங்க."

"அப்படியா சொன்னா?"

"ஆமா. ஏன்மா ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. முழுசாப் படிச்சிட்டுச் சொல்லுதேன்."

கடைசிப் பக்கத்தை அவள் அடுப்படியில் நின்று படித்தாள். மாமனார் இறப்பதற்கு முன்பு நடந்ததற்குக் கதை திரும்புகிறது. நாலு மாதமாகியும் மாற்றல் ஆணை வராததால் கணவன் நிர்வாகப் பிரிவுக்குப் போய் விசாரிக்கிறான். அங்கிருக்கும் குமாஸ்தா வரவுப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுகிறான். அதில் அவன் பெயரே இல்லை. விண்ணப்பம் வந்து சேரவே இல்லை. மனைவி அதைப் போடவில்லை என்று அவனுக்குப் புரிகிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் குழந்தைக்கு ஒரு சிவப்புக் கம்பளிக் குல்லா வாங்கி வருகிறான். மனைவி, "குளிர் போன பிறகா குல்லா வாங்குவீங்க?" என்று சிரிக்கிறாள். அவனும் சிரிக்கிறான். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருகிறான். ஒன்றும் கேட்கவில்லை. அதோடு கதை முடிகிறது.

மேகலா குக்கரை இறக்க மறந்து நின்றாள்.

இந்த முடிவை அவள் அபியிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க முடியாது, அவளுக்கே தெரியாது. ஆனால் அந்தக் குல்லா தெரியும். ஒரு பிப்ரவரி மாதம், வெயில் வந்துவிட்ட பிறகு, ஜெயசீலன் இளவரசிக்குச் சிவப்புக் குல்லா வாங்கி வந்தார். அவள் அப்படித்தான் கேட்டாள். இதே வார்த்தைகள். அப்போது அபி டில்லியிலேயே இல்லை, திருநெல்வேலியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் இருந்தது மூன்றே பேர். அதில் ஒருத்திக்கு அப்போது ஒன்றரை வயது.

"இளவரசி, சாதம் இருக்கு, ரசம் இருக்கு. போட்டுச் சாப்பிடு. நான் சித்தி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"இப்பவா? என் பாரகிராஃப்?"

"வந்து எழுதுவோம்."

மந்திர் மார்க்கில் ஆட்டோ பிடித்தாள். "முனிர்கா, பையா. ஜல்தி." பனிக்குள் ஆட்டோ ஊர்ந்துகொண்டுதான் போனது. வழியெல்லாம் அவள் அபியை என்னென்ன கேட்பது என்று வரிசைப்படுத்திப் பார்த்தாள். வரிசை நிற்கவில்லை. கிழிக்கும்போது அந்த உறையின் மேல் இருந்த ஜெயசீலனின் கையெழுத்துதான் திரும்பத் திரும்ப வந்தது. காய்ச்சலில் நடுங்கிய கையெழுத்து.

முனிர்காவில் அபியின் அறை மூன்றாவது மாடியில். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. தலைக்கு மேலே கறுப்பு ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கீழ்ப் படியில் உட்கார்ந்து நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்த மாணவிகள் வழி விட்டார்கள்.

அபிராமி லேப்டாப்பின் முன்னால் இருந்தாள். ஒரு அரசு நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பு செய்து கொடுப்பது அவள் தொழில். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடினாள்.

"படிச்சிட்டியாக்கா?"

"அப்ப, நான் படிக்கணும்னுதான் பிள்ளைகிட்ட அப்படிச் சொன்னியா?"

"உக்காரு. தண்ணி குடி."

"உக்கார வரல. ஏட்டி, உன் மடியிலே தலைய வச்சுச் சொன்னேன். எங்கிட்டயே இருக்கும்னு சொன்னேல்ல?"

அபி மேசை விளிம்பைத் தடவினாள். "பேரை மாத்தினேன்க்கா. நீதான்னு யாருக்கும் தெரியாது."

"பேரை மாத்தினா போதுமா? குல்லாவ மாத்தலியே."

மேகலா மேசை வரைக்கும் வந்தாள்.

"அந்தக் குல்லா உனக்கு எப்படித் தெரியும்?"

கீழே சந்தில் யாரோ காய்கறி விற்றுக்கொண்டு போனான். அபி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"அத்தான் சொன்னாரு."

அதைத்தான் எதிர்பார்த்து வந்தாள் மேகலா. கட்டில் முனையில் உட்கார்ந்தாள்.

"எப்போ?"

"நீ சொல்லி ஒரு ஆறு மாசம் கழிச்சு. ஊறுகா குடுத்து விட்டேல்ல, அதைக் கொண்டு வந்தாரு. சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். ஏன் அத்தான், ஊருக்கு மாத்தலே கேக்கலியா நீங்கன்னு கேட்டேன். ஒரு தடவ கேட்டேன், ஃபார்ம் போய்ச் சேரலைன்னாரு. அப்புறம் அவரா சொல்ல ஆரம்பிச்சாரு. ரிஜிஸ்டர் பாத்தது, குல்லா வாங்கினது, எல்லாம்."

"நீ சும்மாவா கேட்டே?"

"என்ன?"

"என் கதை முழுக்க உனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டு அவர்கிட்ட ஏன் மாத்தல் கேக்கலைன்னு கேட்டிருக்கே. சும்மாவா கேட்டே அபி?"

அபிராமியின் கண் கலங்கியது. மேகலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரங்கவில்லை.

"கதைக்கு முடிவு வேணும்னு கேட்டியா?"

"அப்ப பாதி எழுதியிருந்தேன்" என்றாள் அபி மெதுவாக. "முடிவு வரல. அவருக்கு என்ன தெரியும்னு தெரிஞ்சா எழுதிடலாம்னு தோணிச்சு. பொய் சொல்ல மாட்டேன்க்கா. நீங்க ரெண்டு பேரும் இதைப் படிச்சுப் பேசிக்கிடுவீங்கன்னுதான் எழுதினேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது அப்புறமாத் தேடிக்கிட்ட காரணம். முதல்ல எழுதணும்னுதான் இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"பரிசு வாங்கினப்ப?"

"வாங்கினப்ப சந்தோஷமா இருந்துச்சு."

இந்த நேர்மை மேகலாவுக்கு இன்னும் கசந்தது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

"மாமியாருக்குப் பயந்து பண்ணினேன்னு எழுதியிருக்கே. அப்படின்னு நான் சொன்னேனா?"

"நீ காரணமே சொல்லலியேக்கா. செஞ்சேன், செஞ்சேன்னு மட்டும்தான் அழுதே. நானா ஒண்ணு போட்டேன்."

"நீயா ஒண்ணு போட்டே. அதைப் படிச்சிட்டு என் பிள்ளை, இப்படிப்பட்ட பெண்களால் குடும்பம் கெடுகிறதுன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கா. கிளாஸ் முழுக்க எழுதியிருக்கும்."

அவள் எழுந்து பையை மாட்டினாள். அபி ஓடி வந்து கதவில் கை வைத்து மறித்தாள்.

"இன்னொண்ணு இருக்குக்கா. இதையும் மறைச்சேன்னு நாளைக்கு நீ சொல்லக் கூடாது."

"சொல்லு."

"அத்தான் மறுபடி மாத்தல் கேட்டிருக்காரு. திருநெல்வேலிக்கு. அவங்க அம்மா விழுந்த உடனே எழுதிக் குடுத்துட்டாரு. இந்தத் தடவ கையிலேயே கொண்டு போய்க் குடுத்தாராம். நான் போனப்புறம் ரெண்டு பேரையும் பாத்துக்கிடுன்னு போன வாரம் போன்ல சொன்னாரு."

"ரெண்டு பேரையும்னா?"

"உன்னையும் இளவரசியையும்."

மேகலா அவள் கையை விலக்கிவிட்டுப் படி இறங்கினாள். பின்னால் அபி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முதல் மாடி வரை கேட்டது.

திரும்பும் வழியில் ஆட்டோ கிடைக்க நேரமாயிற்று. அலுவலகம் விட்ட நெரிசலில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. படிக்கட்டில் நின்று அவர் பேசியது தாயோடு மட்டும் இல்லை. அபியோடும்தான். பதினேழு நாளாக, தட்டில் சோறு போட்டுத் தந்தவளிடம் பேசாமல், அவள் தங்கையிடம் பேசியிருக்கிறார். தங்கையும் தினமும் வாட்ஸப்பில் "சாப்பிட்டியாக்கா" என்று கேட்டிருக்கிறாள்.

தானும் ஒன்றைச் செய்தவள்தான் என்பது அவளுக்கு மறக்கவில்லை. பதின்மூன்று வருடம் அதைச் சுமந்து, திதிக்குத் திதி குனிந்து நின்றிருக்கிறாள். அவர் கேட்டிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பாள். அவருக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே அவர் இத்தனை வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

வீட்டை அடைந்தபோது ஏழு மணி. கதவைத் திறந்த இளவரசி முகமெல்லாம் மலர்ந்திருந்தாள்.

"ஹோம்வொர்க் முடிஞ்சுது. அப்பா வந்ததும் கதையைக் காட்டினேன். அப்பா ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் சொல்லச் சொல்ல எழுதிட்டேன். ஸ்பெல்லிங் மட்டும் பாருங்க."

ஜெயசீலன் அடுப்படியில் இருந்தார். டீ கொதிக்கும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை.

மேகலா செருப்பைக் கூடக் கழற்றாமல் நோட்டை வாங்கினாள். இளவரசியின் கோணல் எழுத்தில், அவள் எழுதவே முடியாத வாக்கியங்கள்.

'இந்தப் பெண் மாமியாருக்குப் பயந்தவள் இல்லை. டில்லிக்கு ஆசைப்பட்டவளும் இல்லை. திருமணமாகி ஆறு வருடம் அவளுக்குக் குழந்தை இல்லை. ஏழாவது வருடம் பெண் குழந்தை பிறந்தது. ஊரில் பெயர் வைத்த அன்று அவள் குழந்தையைத் தொட்டிலில் இடப் போனாள். ராசியான கை வேண்டும் என்று சொல்லி அவளிடமிருந்து குழந்தையை வாங்கி, இரண்டு ஆண்பிள்ளை பெற்ற மூத்த மருமகள் கையில் கொடுத்தார்கள். அவள் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள். யாரும் கவனிக்கவில்லை. கணவன் பக்கத்தில் நின்று பார்த்தான். பார்த்துவிட்டு, பந்தல்காரர் கூப்பிடுகிறார் என்று வெளியே போனான். அந்த வீட்டில் இனி இருக்கக் கூடாது என்று அவள் அன்றைக்கே முடிவு செய்திருக்க வேண்டும். உறையைக் கிழித்தது பிறகு நடந்தது.'

எழுத்துகள் தண்ணீரில் மிதப்பது போல் தெரிந்தன.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அபியிடம்கூட. சொன்னால் ராசியில்லாதவள் என்ற பட்டம் தன் மேல் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வாயைத் திறந்ததில்லை. அந்தக் கூட்டத்தில் ஜெயசீலன் இருந்தார். அவர் பார்க்கவில்லை என்று அவள் நம்பியிருந்தாள். வெளியே பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார், பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்க்கவில்லை என்று நம்பித்தான் இத்தனை வருடம் அவரோடு மனம் ஒப்பி வாழ்ந்தாள்.

அவர் பார்த்திருக்கிறார்.

"ஆனா அம்மா," என்றாள் இளவரசி, "இதெல்லாம் கதையில இல்லையே. கதையிலிருந்து சான்று காட்டணும்னு போட்டிருக்கு. மேம் மார்க் கட் பண்ணிடுவாங்க. அப்பாகிட்ட சொன்னா, பரவாயில்ல எழுதுன்னு சொல்றாங்க."

மேகலா நோட்டை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஜெயசீலன் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தார். மூன்று டம்ளர். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. அவரது காதோரம் இந்தக் குளிர்காலத்தில்தான் முழுக்க நரைத்திருந்தது.

"பாத்தீங்களா அன்னைக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"பாத்தேன்."

"பாத்துக்கிட்டா வெளிய போனீங்க?"

"என்ன சொல்லன்னு தெரியல. அம்மாவ எதுத்துப் பேசிப் பழக்கமில்ல எனக்கு. பந்தல்காரர் ஒண்ணும் கூப்பிடல. நானாத்தான் போனேன்."

அவள் சுவரில் சாய்ந்தாள். "ஃபார்ம் போய்ச் சேரலைன்னு தெரிஞ்ச அன்னைக்காவது என்னைக் கேட்டிருக்கலாம்ல? நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்."

"கேட்டா நீ காரணம் சொல்லுவே. காரணம் நான்தான்னு எனக்குத் தெரியும். அதைக் கேக்க எனக்கு தைரியம் இல்ல." அவர் வடிகட்டியைத் தட்டினார். "அப்பா செத்த பிறகு உம் மேல கோவம் வந்துச்சு. அதையும் சொல்லத் தெரியல."

"அபிகிட்ட சொல்லத் தெரிஞ்சுதே."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லாம எம் பொண்ணு நோட்டுல சொல்லியிருக்கீங்க. அவ அதைக் கொண்டு போய் டீச்சர்கிட்ட குடுப்பா. கதையில அவ எழுதினா, ஹோம்வொர்க்ல நீங்க எழுதுதீங்க. நான் ஒருத்தி இந்த வீட்டுலதானே இருக்கேன். என்னைத் தவிர எல்லாருக்கும் என் விஷயம் தெரியுது."

"மேகலா..."

"மாத்தல் கேட்டிருக்கீங்களாமே."

டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "அபி சொன்னாளா?"

"ஆர்டர் எப்ப வரும்?"

"வந்துட்டு. போன திங்கக்கிழம. இந்த மாசம் முப்பதாம் தேதி இங்க ரிலீவ் ஆகணும்." அவர் வடிகட்டியைத் தொட்டியில் போட்டார். "அம்மா தனியா இருக்கா. அண்ணன் கோயம்புத்தூரை விட்டு வரமாட்டேன்னுட்டான். உன்னை அந்த வீட்டுக்கு வான்னு கூப்பிட எனக்கு வாய் வரல. எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கூப்பிட?"

"அதனால சொல்லாமலே போயிரலாம்னு."

"சொல்லத்தான் இருந்தேன். பிள்ளைக்குப் பரீட்சை முடியுற வரைக்கும் இந்தக் குவார்ட்டர்ஸ்ல நீங்க ரெண்டு பேரும் இருக்கலாம், ஆபீஸ்ல கேட்டுட்டேன். அதுக்கப்புறம் எப்படின்னு..."

"கேட்டுட்டீங்க. ஆபீஸ்லயும் கேட்டாச்சு."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் ஜெயசீலனைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். டம்ளரை வைத்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா," என்றாள் மேகலா, "அம்மா, பிள்ளைய அவகிட்டக் குடுன்னு ஒரே ஒரு வார்த்தை, நான் அந்தக் கவரைக் கிழிச்சிருக்க மாட்டேன். உங்க அப்பா கடைசி மூச்சு விடும்போது நீங்க பக்கத்துல இருந்திருப்பீங்க. நான்தான் பாவின்னு பதிமூணு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்களும் அப்படியே நெனைக்க விட்டுட்டீங்க."

அவர் குனிந்து டீ டம்ளரை நகர்த்தி வைத்தார்.

அடுப்படி வாசலில் நிழல் விழுந்தது. இளவரசி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தமிழில் வேகமாகப் பேசினால் அவளுக்குப் பாதி புரியாது என்று இருவரும் எப்போதும் நினைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்தபோது அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி இப்போது இல்லை. அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவை.

"பேர் வச்சாங்கன்னு எழுதச் சொன்னீங்கல்ல, அப்பா," என்று கேட்டாள். "அந்த பேபிக்கு என்ன பேர் வச்சாங்க?"

ஜெயசீலன் மேகலாவைப் பார்த்தார், நீ சொல் என்பது போல.

மேகலா சொல்லவில்லை. இந்த ஒரு தடவை அவரே சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.